பக்கத்துக் காணியில் ஆழக்குழி: பழைய வீட்டு அத்திவாரத்தைத் தொடலாமா?

வாசகர் கேள்வி, 9 பெப்ரவரி

வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடல் பக்கம் எங்கள் வீடு, தாத்தா காலத்தது. கருங்கல் அத்திவாரம், கபுக் கல் (செம்பாறைக் கல்) சுவர், சுண்ணாம்புச் சாந்து, ஓட்டுக் கூரை. பக்கத்து வீட்டை உடைத்துவிட்டார்கள், இரண்டு பேஸ்மென்ட்டோடு தொடர்மாடி வருகிறதாம். குழியின் விளிம்புக்கும் எங்கள் சுவருக்கும் இடையில் இரண்டு மீற்றர்கூட இல்லை. தெரிந்த கொந்தராத்துக்காரர் ஒருவர் அந்தப் பக்கச் சுவருக்குக் கீழே மைக்ரோ பைல் (நிலத்தைத் துளைத்து இறக்கும் மெல்லிய தூண்) இறக்கிவிட்டால் பயமில்லாமல் படுக்கலாம் என்கிறார். போடலாம்தானே?

9 பெப்ரவரி, இரவு

வேண்டாம். அந்த ஒரு சுவருக்கு மட்டும் என்றால் வேண்டவே வேண்டாம்.

காரணத்தை நாளைக்கு எழுதுகிறேன். அதற்குள் மூன்று விஷயம் கேட்டு வையுங்கள் தம்பி. குழி எத்தனை மீற்றர், சுற்றிவர என்ன சுவர் (இரும்புத் தகட்டாலான சீட் பைலா, ஒன்றையொன்று கடித்துக்கொண்டு நிற்கும் செகண்ட் (secant) பைலா, இடைவெளி விட்ட பைலா), தண்ணீரை எப்படி இறைக்கப் போகிறார்கள். இந்த மூன்றையும் கேட்காமல் உங்கள் கொந்தராத்துக்காரர் விலை சொல்லியிருந்தால் அந்தத் துண்டை மடித்து வைத்துவிடலாம்.

10 பெப்ரவரி

சரி, காரணம்.

இரண்டு பேஸ்மென்ட் என்றால் குழி ஏறக்குறைய ஏழு மீற்றர் போகும். குழிச் சுவர் எவ்வளவு தடிப்பென்றாலும் உள்நோக்கிக் கொஞ்சம் வளையும், அது வளைகிற அளவுக்கு வெளியே உள்ள நிலம் இறங்கும். அந்த இறக்கம் குழி ஓரத்தோடு நிற்காது. 1969இல் பெக் என்ற மண் பொறியியலாளர் பல குழிகளின் அளவீடுகளைத் திரட்டி வரைந்த படத்தில் ஆழத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கும் அதற்கு அப்பாலும் இறக்கம் போகிறது. உங்கள் கணக்குக்கு அது பதினான்கு மீற்றர், அதாவது விறாந்தை, ஹோல், நடு அறை எல்லாம் அதற்குள் வந்துவிடும். இப்போது குழி ஓரச் சுவரை மட்டும் பைலில் தூக்கி வைத்தால் அது அசையாது, மற்றச் சுவரெல்லாம் இறங்கும். கட்டிலின் ஒரு காலுக்கு மட்டும் செங்கல் வைத்தது மாதிரி. வீடு முழுக்க ஒன்றாகச் சரிந்திருந்தால் கபுக் சுவர் பெரும்பாலும் தாங்கியிருக்கும், சுண்ணாம்புச் சாந்து சீமெந்தைவிட வளைந்து கொடுக்கும். இறங்குகிற பாதிக்கும் இறங்காத பாதிக்கும் நடுவில்தான் வெடிக்கும், அதுவும் கதவு நிலைக்கு மேலே மூலைவாட்டில்.

கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தேன். பைல் போட்ட பக்கம் சுத்தமாக இருந்தது, வீட்டுக்காரர் பெருமையாகக் கூட்டிப்போய்க் காட்டினார். குசினிக்குப் போகிற நடைக்கு மேலே என் சுண்டு விரல் போகிற வெடிப்பு, அதைப் பற்றிக் கேட்டால் அது வேறு என்றார்.

எவ்வளவு இறங்கலாம் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. ஆறு மீற்றர் நீளச் சுவரில் ஒரு அந்தத்துக்கும் மற்ற அந்தத்துக்கும் வித்தியாசம் 12 மில்லிமீற்றருக்குள் இருந்தால் பொதுவாகப் பயமில்லை (ஐந்நூறில் ஒன்று). 20இல் பூச்சும் சுவரும் வெடிக்கத் தொடங்கும் (முந்நூறில் ஒன்று). 40 என்றால் கட்டடத்துக்கே சேதம் (நூற்றைம்பதில் ஒன்று). மொத்தமாக எத்தனை மில்லிமீற்றர் இறங்கினது என்பதைவிட இந்த வித்தியாசம்தான் முக்கியம்.

10 பெப்ரவரி, இரண்டாவது

பம்பலப்பிட்டியில் தன் மாமா வீட்டுக்கு மைக்ரோ பைல் போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்லது. அந்த ஒழுங்கையில் பைல் போடாத வீடுகளுக்கு என்ன ஆனது என்றும் கேட்டுச் சொன்னால் உபகாரமாக இருக்கும்.

13 பெப்ரவரி

தண்ணீர். இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன், கொழும்பில் பாதி வெடிப்புக்கு மூலம் இதுதான் என்பது என் அபிப்பிராயம்.

நிலத்தடி நீர் ஒரு மீற்றர் இறங்கினால் அதற்குக் கீழே உள்ள மண்ணில் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய ஒரு தொன் பாரம் கூடுகிறது. தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த மிதப்பு போய்விட்டதல்லவா. சாதாரண வீட்டில் ஒரு மாடியின் பாரமும் கிட்டத்தட்ட சதுர மீற்றருக்கு ஒரு தொன்தான். ஆக, பக்கத்துக் குழியில் நாலு மீற்றர் தண்ணீரை இறைத்து, அந்த இறக்கம் உங்கள் காணிக்குள்ளும் வந்துவிட்டால் உங்கள் மண்ணின் மேல் நாலு மாடி ஏற்றி வைத்த கணக்கு. மைக்ரோ பைல் ஓரச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கும், மிச்ச வீட்டுக்கு யார் பொறுப்பு?

அதை மண் தாங்குமா என்பது இடத்தைப் பொறுத்தது. உங்களுடையது கடல் பக்கம், பெரும்பாலும் மணலாக இருக்கும். மணல் இந்தப் பாரத்துக்கு அதிகம் அமுங்காது. கால்வாய்ப் பக்கம், கிருலப்பனை, பேரே வாவியைச் சுற்றி உள்ள தாழ்நிலம் என்றால் கதை வேறு. அங்கே கறுப்பு முற்றா நிலக்கரி மண், செடிகொடி மக்கிச் சேர்ந்தது, காய்ந்த எடையைவிடப் பல மடங்கு தண்ணீரை வைத்திருக்கும், அழுத்தினால் உடனே கொஞ்சம் இறங்கிப் பிறகு வருஷக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். கட்டுநாயக்க அதிவேகப் பாதைக்கு மண்ணைப் பலப்படுத்த அவ்வளவு பாடுபட்டதும் இதே சாதி மண்ணால்தான். நடுவில் மேட்டுப் பக்கம் செம்மண், அது காய்ந்திருக்கும்போது செங்குத்தாக நிற்கும், அதை நம்பித் தென்னங்குற்றியும் பலகையும் முட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்கள், நல்ல மழை இரண்டு விழுந்ததும் விளிம்பு கழன்று வரும்.

மணலின் ஆபத்து அமுங்குவதில் இல்லை, ஓடுவதில். குழிச் சுவரில் விரல் நுழைகிற இடைவெளி போதும், தண்ணீரோடு மணலும் உள்ளே வரும், உங்கள் அத்திவாரத்துக்குக் கீழே வெறுமை விழும், மேலே ஒரு அடையாளமும் தெரியாது. 2009 மார்ச்சில் ஜெர்மனியின் கெல்ன் நகரில் ஆவணக் காப்பகக் கட்டடம் சரிந்து இரண்டு பேர் இறந்தார்கள். பக்கத்தில் சுரங்க ரயிலுக்குத் தோண்டிய குழியின் சுவரில் ஒரு குறை, அதன் வழியாகத் தண்ணீரும் மணலும் பாய்ந்தன. அவ்வளவு யந்திரம், அவ்வளவு மேற்பார்வை உள்ள ஊரில்.

இதற்குச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. அவர்களுடைய பம்ப் குழாய் தெருக் கானில் ஊற்றுகிற இடத்துக்கு ஒரு வெள்ளை பிளாஸ்டிக் பேசினோடு போங்கள். நிரப்பி, பத்து நிமிஷம் ஆடாமல் வைத்து, தண்ணீரை மெதுவாகச் சரித்து ஊற்றிவிட்டு அடியைப் பாருங்கள். தொடங்கின முதல் சில நாள் கலங்கல் வரலாம். அதற்குப் பிறகும் தினமும் அடியில் மணல் படிந்தால் அது யாரோ ஒருவருடைய வீட்டுக்குக் கீழேயிருந்து வருகிற மணல். தேதியோடு படம் பிடித்து அன்றைக்கே எழுத்தில் கொடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம்.

14 பெப்ரவரி

கிணறு இருக்கிறதா என்று கேட்க விட்டுப்போனது. பழைய வெள்ளவத்தை வீடுகளில் பின்வளவில் மூடிக் கிடக்கும். இருந்தால் மூடியைத் திறந்து, கயிற்றில் கல்லைக் கட்டி, நீர்மட்டத்தைக் கிழமைக்கொரு தரம் எழுதுங்கள். காசு கொடுத்துப் போடுகிற அளவுக்குழாயின் வேலையை அது செய்யும்.

20 பெப்ரவரி

தம்பி பதில் போட்டிருக்கிறார்: குழி 6.8 மீற்றர், செகண்ட் பைல், உள்ளே குழிச் சுவருக்கு முட்டுக் கொடுக்க இரண்டு தட்டு இரும்பு ஸ்ட்ரட், குழிக்குள் மட்டும் இறைப்பு. காகிதத்தில் மோசமில்லை. செகண்ட் பைல் தண்ணீரை மறிக்கும், ஒவ்வொரு பைலும் நேராக இறங்கியிருந்தால். கொஞ்சம் சாய்ந்தாலும் அடியில் இரண்டும் விலகிவிடும், விலகின இடம் தோண்டின பிறகுதான் தெரியும்.

இனி உங்கள் வேலை ஆவணம். அவர்கள் முதல் பைல் போடுவதற்கு முன்னால் வீட்டின் நிலைமை அறிக்கை எடுக்க வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், மண்சரிவு எச்சரிக்கை விடுகிற அதே இடம்தான், இதைச் செய்கிறது. கட்டுகிறவர்களைச் செலவு செய்யச் சொல்லுங்கள், பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும், இரண்டு தரப்பும் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள வெடிப்பை மறைக்காதீர்கள். நான் போன வீடுகளில் பெரிய வெடிப்பெல்லாம் லக்ஷ்மி கலண்டருக்குப் பின்னால்தான் இருக்கும், அம்மாமார் அதைத் தொட விடமாட்டார்கள். கலண்டரைக் கழற்றிவிட்டுப் படம் எடுங்கள், பிறகு கும்பிட்டு மாட்டிக்கொள்ளலாம்.

காப்புறுதியும் கேளுங்கள். கட்டுமானக் காப்புறுதியின் மூன்றாம் தரப்புப் பகுதியில் அதிர்வாலும் தாங்கு நிலம் பலவீனமடைவதாலும் வரும் சேதம் தானாக அடங்காது. அதற்குத் தனிச் சேர்ப்பு, வழக்கமாக 120ஆம் இலக்கம் என்று இருக்கும். அது இருக்கிறதா என்று ஒரே ஒரு வரியில் எழுத்தில் கேளுங்கள். அந்தச் சேர்ப்பிலும் வேலைக்கு முன் வீடு நல்ல நிலையில் இருந்தது என்று காட்ட வேண்டும், கட்டடத்தின் உறுதியைப் பாதிக்காத மேலோட்டமான சேதத்துக்கு அது பணம் தராது. உங்கள் பூச்சு வெடிப்பு அநேகமாக அந்த மேலோட்டத்துக்குள் விழும், ஆகவே அதை யார் சரிசெய்வது என்று தனியாக ஒரு கடிதத்தில் எழுதி வாங்க வேண்டும்.

23 பெப்ரவரி

வெடிப்பில் கண்ணாடித் துண்டு ஒட்டுவதைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். ஒட்டலாம், உடைந்தால் அசைந்தது என்று தெரியும், எவ்வளவு, எந்தப் பக்கம் என்று சொல்லாது. அதைவிட வெடிப்பின் ஒரு பக்கம் இரண்டு, மறுபக்கம் ஒன்றாக மூன்று சின்னப் பித்தளை ஆணிகளை முக்கோணமாகச் சுவரில் பதித்து, ஆணிக்கு ஆணி வேர்னியர் அளவுகோலால் அளந்து கொப்பியில் எழுதுங்கள். திறந்ததா, வழுக்கினதா இரண்டும் தெரியும்.

இறக்கத்துக்கு மேசன்மாரின் தண்ணீர்க் குழாயே போதும். ஊடு தெரிகிற நீளக் குழாய், துணிக்குப் போடுகிற நீலம் துளி கலந்த தண்ணீர், உள்ளே ஒரு குமிழிகூட நிற்கக் கூடாது. குழியிலிருந்து தூரத்தில் உள்ள மூலையில் ஒரு ஆணி, அதுதான் ஆதாரம், மற்றச் சுவர்களில் அதே மட்டத்தில் கோடு. விடியப்புறம் பாருங்கள். மத்தியானம் குழாயின் பாதி வெயிலில் கிடந்தால் சூடான தண்ணீர் இலேசாகி அளவு பிசகும். ஒரு மில்லிமீற்றர், இரண்டு மில்லிமீற்றர் பிழை எப்படியும் இருக்கும், ஆகவே ஒரு நாள் அளவைப் பார்த்துச் சண்டைக்குப் போகாமல் கிழமைக்கணக்கில் ஒரே பக்கம் போகிறதா என்று பாருங்கள். வெடிப்பு அகலத்துக்கு உலகம் முழுக்கப் பாவிக்கிற தரவரிசை: 1 மில்லிமீற்றர் வரை பெயின்ட் விஷயம், 5 வரை சிறியது, 5 முதல் 15 வரை கதவு யன்னல் இறுகும், அதற்கு மேல் கட்டமைப்புப் பொறியியலாளர் வந்தே ஆக வேண்டும்.

8 மார்ச்

பைல் யந்திரம் வந்துவிட்டது, அலமாரிக் கோப்பையெல்லாம் கிலுங்குகிறது, அம்மா பயப்படுகிறா என்று தம்பி எழுதியிருக்கிறார். மனித உடம்பு மிகச் சின்ன அதிர்வையும் உணரும், வினாடிக்கு 0.3 மில்லிமீற்றர் அளவிலேயே தெரியத் தொடங்கிவிடும். ஜெர்மன் தரநிலையில் மெதுவான அதிர்வுக்குச் சாதாரண வீட்டின் எல்லை 5, பழைய நொய்ந்த கட்டடத்துக்கு 3. கோப்பை கிலுங்குவதும் சுவர் வெடிப்பதும் ஒன்றல்ல. ஆனால் அதிர்வு மானி ஒன்றை உங்கள் அத்திவாரத்தில் வைக்கச் சொல்லுங்கள், அவர்கள் முற்றத்தில் வைத்துவிட்டு எல்லாம் சரி என்பார்கள். துளைத்து இறக்கும் பைல் என்பதால் நீங்கள் தப்பினீர்கள். தளர்ந்த மணலில் சீட் பைலை அதிரவைத்து இறக்கியிருந்தால் மணல் இறுகி நிலமே தாழும்.

அம்மாவுக்குச் சொல்லுங்கள், கோப்பைகளுக்கு நடுவில் துணி வைக்கலாம்.

30 மார்ச்

குழியை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன், ஆனால் தண்ணீரை விட்டு விலகவில்லை. இங்கிலாந்தில் வின்செஸ்டர் பேராலயம் ஈரமான முற்றா நிலக்கரி மண்ணின் மேல் மரக்கட்டைகளை அடுக்கி எழுப்பியது. இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஒரு பக்கம் இறங்கிச் சுவரெல்லாம் வெடித்தது. சுவருக்குக் கீழே குழி வெட்டினால் தண்ணீர் ஊறுகிறது, இறைத்தால் மண்ணும் சேர்ந்து போய்க் கட்டடம் இன்னும் இறங்கிவிடும் என்ற பயம். ஆகவே இறைப்பதை விட்டுவிட்டு முக்குளிப்பவர் ஒருவரை இறக்கினார்கள். வில்லியம் வோக்கர், 1906 முதல் 1911 வரை, கறுப்புத் தண்ணீருக்குள் கண் தெரியாமல் கையால் தடவித் தடவி மண்ணை எடுத்து, கொங்கிறீட் மூட்டைகளை அடுக்கி அடியை மூடினார். அடி மூடின பிறகுதான் தண்ணீரை இறைத்து மேலே கட்டினார்கள். நூறு வருஷத்துக்கு முன்னால் அவர்களுக்குத் தெரிந்தது, போன வருஷம் கொழும்பில் ஒரு தளத்தில் என்னோடு நின்ற மேற்பார்வையாளருக்குத் தெரியவில்லை. பெரிய பம்ப் ஒன்று வாடகைக்கு எடுத்தால் ஒரு இரவில் முடியும் என்றார்.

5 ஏப்ரல்

அவசரம், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே பேசுங்கள். வருஷப் பிறப்புக்கு வேலையாட்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், தளம் ஒரு கிழமை, பத்து நாள் சும்மா கிடக்கும், ஏப்ரல் பின்னேர மழையும் அப்போதுதான். இரண்டாம் தட்டு ஸ்ட்ரட் பூட்டாமல் அடிவரை தோண்டிவிட்டு லீவில் போகக் கூடாது. பம்பைப் பார்த்துக்கொள்ள ஒரு ஆள், மின்சாரம் போனால் ஜெனரேட்டர், யாரைக் கூப்பிடுவது என்று ஒரு இலக்கம், மூன்றும் வேண்டும். குழி திறந்து கிடக்கிற ஒவ்வொரு நாளும் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டுதான் இருக்கும், வருஷப் பிறப்பில் வேலையை நிறுத்தி வைக்கிற நோனாகதம் எல்லாம் அதற்குக் கிடையாது.

22 ஏப்ரல்

ஸ்ட்ரட் பூட்டிவிட்டுத்தான் போனார்களாம், காவலாளி பம்பைப் பார்த்துக்கொண்டாராம். முன்சுவரில் 3 மில்லிமீற்றர் இறக்கம், நடு அறையில் 2. பம்ப் தண்ணீர் பிடித்த பேசினின் அடியும் சுத்தம். நல்ல செய்தி.

இதற்கிடையில் ஒரு பொறியியல் மாணவி, அத்திவாரத்தைத் தொடவே கூடாது என்பது மிகை என்று எழுதியிருக்கிறார். நியாயமான பேச்சு, ஆகவே முதல் நாள் சொன்னதற்கு எல்லை போடுகிறேன். குழியின் சுவரும் உங்கள் சுவரும் ஒட்டி நின்று, அவர்களுடைய அத்திவாரம் உங்களுடையதைவிட ஒரு மீற்றர், ஒன்றரை மீற்றர் மட்டும் ஆழமாகப் போகிறதென்றால், உங்கள் அத்திவாரத்தைக் கீழே நீட்டுவதுதான் சரி. பழைய முறையிலேயே செய்யலாம். சுவரின் நீளத்தை ஒரு மீற்றர் சொச்சத் துண்டுகளாகப் பிரித்து 1, 3, 5, பிறகு 2, 4 என்று விட்டு விட்டுத் தோண்ட வேண்டும், பக்கத்துப் பக்கத்துத் துண்டு ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது, மொத்தச் சுவரில் காற்பங்குக்கு மேல் வெறுமையாக நிற்கக் கூடாது. கொங்கிறீட்டைப் பழைய அத்திவாரத்தின் அடிவரை நிரப்பாமல் நாலு விரல் இடைவெளி விட்டு, அது இறுகினதும் ஈரம் குறைந்த மணல் சீமெந்துக் கலவையைக் குத்திக் குத்தி அடைக்க வேண்டும். கொங்கிறீட் இறுகும்போது சுருங்கும், இந்த இடைவெளியை விடாமல் ஊற்றினால் சுருங்கின அளவுக்கு உங்கள் சுவர் இறங்கும்.

முழு வீட்டுக்கும் மைக்ரோ பைல் என்றால் அதுவும் ஒரு நேர்மையான வழிதான். 1952இல் இத்தாலியில் லிட்சி என்ற பொறியியலாளர் இதைக் கண்டுபிடித்ததே சேதமான பழைய கட்டடங்களுக்காக. ஆனால் நம் கருங்கல் அத்திவாரத்தில் ஒரு சிக்கல். உள்ளே சுண்ணாம்பு கரைந்து கல் மட்டும் அடுக்கி வைத்தது போலக் கிடக்கும், துளைத்து இறக்கின பைலைப் பிடித்துக்கொள்ள ஒன்றும் இராது. முதலில் அத்திவாரத்துக்குள் சாந்து செலுத்தி, இரண்டு பக்கமும் கொங்கிறீட் பீம் போட்டுக் குறுக்கே கோர்த்து, பிறகுதான் பைல். மணலில் காற்றழுத்தத்தால் துளைக்கவும் கூடாது, துளைக்கும்போதே மணலை ஊதிக் கிளப்பிவிடும். தம்பியிடம் சொன்ன விலையில் இதெல்லாம் இருந்ததா என்று பாருங்கள்.

19 ஜூன்

பேஸ்மென்ட் தளம் ஊற்றியாயிற்று, இனி வெடிப்பைப் பூசலாமா என்கிறார். இன்னும் இல்லை. ஸ்ட்ரட்டைக் கழற்றும்போது பாரம் ஸ்ட்ரட்டிலிருந்து தளத்துக்கு மாறும், அப்போது இன்னொரு தடவை அசையும். இறைப்பை நிறுத்தியதும் நீர் பழைய மட்டத்துக்கு ஏறும், அதுவும் சின்ன அசைவு தரும். (சீட் பைல் போட்ட இடங்களில் பைலைப் பிடுங்கும்போது அதோடு மண்ணும் ஒட்டிக்கொண்டு வரும், அந்த வெறுமையை நிரப்பாமல் போய்விடுவார்கள். செகண்ட் பைல் அங்கேயே நிற்கும், உங்களுக்கு இல்லை.) கொப்பியில் மூன்று மாதமாவது அளவு ஒரே இடத்தில் நின்றால் பூசலாம்.

பூசும்போது சுண்ணாம்புச் சாந்து. சீமெந்து வைத்தால் பூசின இடம் இறுகி, அதன் ஓரத்தில் கபுக் உரிந்து புது வெடிப்பு வரும். கடிதத்தில் முழுச் சுவருக்கும் பெயின்ட் என்று எழுதியிருந்தால் நல்லது, இல்லாவிட்டால் வெடிப்பின் மேல் ஒரு கோடு மட்டும் அடித்துவிட்டுப் போவார்கள், அதுவும் வேறு வெள்ளையில்.